சாப்பாட்டு டப்பாவில் ஒரு ரோபோ: பழைய சாமான்களில் முதல் சிற்பம் செய்ய

தேன்குழல் பிழிகிற அச்சில் மூன்று ஓட்டைத் தட்டு ஒன்று இருக்கும். அதை எடுத்து, இரண்டு ஓட்டை மேலேயும் ஒன்று கீழேயும் வரும்படி பிடித்துப் பாருங்கள். யாரோ வாயைப் பிளந்துகொண்டு உங்களைப் பார்ப்பார். தலைகீழாகத் திருப்புங்கள், ஆள் போய்விடுவார், தட்டு மட்டும் மிஞ்சும். பழைய சாமான்களில் ரோபோ பொம்மை செய்பவர்களுக்கு முதலில் பிடிபட வேண்டியது இந்தத் திருப்பல்தான். வெல்டிங், டிரில் எல்லாம் பிறகு.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு ரோபோவைச் செய்யப் போகிறோம். ஓர் அடி உயரம். நடக்காது, பேசாது, கண் மட்டும் எரியும். வெல்டிங் தேவையில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும், சாமான் கையில் இருந்தால். சாமான் சேர்க்கத்தான் மாதக்கணக்காகும். அதில் பாதி சந்தோஷம் இருக்கிறது என்பதால் நான் யாரையும் அவசரப்படுத்துவதில்லை.

கொஞ்சம் பழைய கதை. 'ரோபோ' என்ற சொல் செக் எழுத்தாளர் கரேல் சாபெக் 1920இல் எழுதிய ஆர்.யு.ஆர். நாடகத்தில் வந்தது. சொல்லை எடுத்துக் கொடுத்தவர் அவர் அண்ணன் ஓவியர் யோசப். செக் மொழியில் 'ரொபோட்டா' என்றால் கட்டாய உழைப்பு. நம் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்று வருகிறதே, ஏறக்குறைய அது. வேடிக்கை என்னவென்றால் அந்த நாடகத்தின் ரோபோக்களுக்கு உலோக உடம்பே கிடையாது, ஒருவித செயற்கைச் சதைதான். 1928இல் லண்டனில் ஒரு பொறியியல் கண்காட்சியைத் திறந்து வைக்க எரிக் என்ற அலுமினிய ஆளைச் செய்து நிறுத்தினார்கள். வர வேண்டிய யார்க் கோமகன் வர முடியாமல் போனதால் வந்த யோகம் அது. எரிக்கின் மார்பில் ஆர்.யு.ஆர். என்று எழுதியிருந்தது. இன்று குழந்தையிடம் ரோபோ வரையச் சொன்னால் வரைகிற சதுர மார்பும் உருளைக் கையும் எரிக் வழி வந்தவைதான்.

சாமான் வேட்டை

முதலில் வீட்டுப் பரண். நமக்கு வேண்டியவை: மூடி கீலோடு சேர்ந்த பழைய அலுமினியச் சாப்பாட்டு டப்பா (உடம்பு), அலுமினிய டம்ளர் (தலை), மூன்று ஓட்டை அச்சுத் தட்டு (முகம்), இரண்டு முள்கரண்டி (கை விரல்), மாடியில் சாய்ந்து கிடக்கும் டிவி ஆன்டெனாவின் குழாய் (கால்). பிள்ளைகள் இரண்டு மாதம் சுற்றிவிட்டுத் தூக்கிப்போட்ட விரல் ஸ்பின்னர் இருந்தால் அதன் நடுப் பேரிங்கைத் தட்டி எடுத்துக்கொள்ளுங்கள், கழுத்துக்கு ஆகும். பெரும்பாலும் அது 608 எண் பேரிங்: உள் துளை 8 மி.மீ., வெளி விட்டம் 22 மி.மீ.

மிச்சத்துக்குக் காயலான் கடை. சைக்கிள் செயின் ஒரு முழம், 3 அங்குலக் கதவுக் கீல் இரண்டு. சென்னையில் இருப்பவர்கள் புதுப்பேட்டைப் பக்கம் போனால் வண்டி உதிரிகளில் கண் நிலைகொள்ளாது. ஆனால் முதல் ரோபோவுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம், தெருமுனைக் கடையே போதும். எடைக்குத்தான் விலை. அலுமினியமும் பித்தளையும் இரும்பைவிட விலை கூடுதல் என்பதால் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு நீட்டாதீர்கள், தனித்தனியாக எடை போடச் சொல்லுங்கள். கை, கால், கண்ணுக்கு ஆகும் எதையும் இரண்டிரண்டாக எடுங்கள். ஒற்றையாக வாங்கி வந்த அருமையான சாமான்கள் என்னிடம் ஒரு வாளி நிறைய இருக்கின்றன. எல்லாம் ஜோடிக்குக் காத்திருக்கின்றன.

கையில் ஒரு காந்தம் கொண்டுபோங்கள். ஒட்டினால் இரும்பு அல்லது தகரம். ஒட்டாவிட்டால் அலுமினியம், பித்தளை, அல்லது பெரும்பாலான எவர்சில்வர். எதை எப்படித் துளைப்பது என்பது இதில்தான் முடிவாகும். முதல் ரோபோவை முழுக்க எவர்சில்வரில் செய்ய ஆசைப்படாதீர்கள். பளபளப்பைப் பார்த்து எல்லோரும் அங்கேதான் விழுகிறார்கள், துளைக்கும்போது தெரியும் அதன் பிடிவாதம்.

கடைக்காரர் சும்மா கொடுத்தாலும் தொடக்கூடாத சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். பழைய டிவியின் கண்ணாடிப் பிக்சர் டியூப்: உள்ளே வெற்றிடம், உடைந்தால் உள்நோக்கி வெடித்துச் சில்லு பறக்கும், மின்சாரமும் தேங்கியிருக்கலாம். மைக்ரோவேவ் அடுப்பின் கெபாசிட்டர்: பிளக்கைப் பிடுங்கி வைத்த பிறகும் ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்சாரம் அதில் நிற்கும். டியூப் லைட், சி.எஃப்.எல். பல்பு: பாதரசம். உப்பிய மொபைல் பேட்டரி: குத்தினால் தீ. ஃபிரிட்ஜ் கம்ப்ரசர், பழைய பிரேக் கட்டை இரண்டும் வேண்டாம். இந்தப் பட்டியலில் எனக்குச் சமரசம் கிடையாது.

கழுவுவது சுருக்கமான வேலை. செயின், கீல், பேரிங்கின் கிரீஸை மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேயுங்கள். பிறகு பாத்திர சோப்பு. பிறகு நல்ல வெயில். பித்தளைக்குப் புளி. துருவைக் கம்பி பிரஷ்ஷால் உதிர்கிற மட்டும் எடுத்தால் போதும். பழைய பெயின்ட் இருந்தால் உலர்ந்த நிலையில் சுரண்டாதீர்கள். அந்தக்காலப் பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும், தூசு நல்லதல்ல.

தரையில் பரப்பி ஒரு வாரம்

இதைத் தாண்டிக் குதித்தவர்களின் ரோபோ பார்த்தவுடன் தெரிந்துவிடும். டப்பாவில் கையும் காலும் ஒட்டியிருக்கும், ஆள் இருக்க மாட்டார்.

பழைய செய்தித்தாளை விரித்து எல்லாச் சாமானையும் படுக்கை வசத்தில் ஆள் மாதிரி அடுக்குங்கள். போனில் ஒரு படம். கையை மாற்றுங்கள், இன்னொரு படம். தலையைச் சிறிதாக்குங்கள், இன்னொன்று. மறுநாள் காலையில் படங்களை வரிசையாகப் பார்த்தால் எது உயிரோடு இருக்கிறது என்று கண்ணே சொல்லும். தலை பெரிதாக, கால் குட்டையாக இருந்தால் குழந்தை. உடம்பு பெரிதாக, தலை சுண்டைக்காய் அளவில் இருந்தால் அடியாள். கை முழங்காலைத் தாண்டித் தொங்கினால் வேலை முடிந்து களைத்து வருகிறவர். நம் ரோபோவுக்கு டப்பாவை நெட்டுக்குத்தாக நிறுத்தி, மூடி முதுகுப் பக்கம் திறக்கும்படி வைக்கிறோம். நட்டு முடுக்க உள்ளே கை போகும், பேட்டரியும் உள்ளே ஒளியும்.

ஒரு விஷயத்தில் மட்டும் என் பேச்சைக் கேளுங்கள்: எதற்கும் பெயின்ட் அடிக்காதீர்கள். வெள்ளிப் பெயின்ட் அடித்தால் எல்லாம் ஒரே நிறத்தில் 'ரோபோ மாதிரி' ஆகிவிடும். அப்போது கரண்டி கரண்டியாகத் தெரியாது. பார்க்கிறவர் முதலில் கையைப் பார்த்து, அடுத்த நொடி 'அட, முள்கரண்டி!' என்று கண்டுபிடிக்கிறாரே, அந்த நொடிக்காகத்தான் இவ்வளவு பாடும். டப்பாவின் அடியில் ஊசியால் பொறித்த பெயர் இருந்தால் அதைத் தேய்த்து எடுத்துவிடாதீர்கள்.

கொரியாவில் பிறந்த கலைஞர் 'நாம் ஜுன் பைக்' 1986இல் 'ரோபோ குடும்பம்' என்று ஒரு வரிசை செய்தார். உடம்பெல்லாம் டிவிப் பெட்டியும் ரேடியோப் பெட்டியும். தாத்தா பாட்டிக்கு மிகப் பழைய மரப்பெட்டிகள், பிள்ளைகளுக்குப் புதிய மாடல்கள். முகத்தில் சுருக்கம் எதுவும் வரையாமல் சாமானின் வயதையே ஆளின் வயதாக்கிவிட்டார். நீங்களும் பாருங்கள்: நசுங்கிய டப்பாவில் புத்தம்புது பளபள நட்டுகள் துருத்திக்கொண்டு தெரியும். பழைய நட்டையே போடுங்கள்.

துளையும் முடுக்கும்

என் முதல் ரோபோவை முழுக்க குளூ கன்னால் ஒட்டினேன். ஒரு மணி நேரத்தில் முடிந்தது, அலமாரியில் கம்பீரமாக நின்றது. மே மாதம் ஜன்னலோரம் மாற்றி வைத்தேன். மதியம் திரும்பி வந்தால் தலை மார்பில் வழிந்து கிடந்தது. வெயிலில் உலோகம் சூடாகும், சூட்டில் அந்தப் பசை இளகும். அன்றிலிருந்து எங்கெல்லாம் முடியுமோ அங்கெல்லாம் போல்ட்டும் நட்டும்தான். பிடிக்காவிட்டால் கழற்றி மாற்றலாம் என்பது கூடுதல் வசதி.

தேவையான கருவிகள்: கை டிரில் மெஷின், 3 மற்றும் 5 மி.மீ. பிட், சென்டர் பஞ்ச், சுத்தியல், அரம், கொறடு, திருப்புளி, சின்ன ஸ்பானர் இரண்டு, இரும்பு அறுக்கும் ரம்பம், பொருளைப் பிடிக்க ஒரு கிளாம்ப். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். டிரில் ஓடும்போது துணிக் கையுறை போடக்கூடாது. பாதுகாப்பு என்று நினைத்துப் போடுவோம்; சுழலும் பிட் நூலைப் பிடித்து விரலையும் சேர்த்து இழுக்கும். துப்பட்டா, தொங்கும் சங்கிலி, அவிழ்த்துவிட்ட முடிக்கும் இதே கதை.

துளையிடும் இடத்தில் செல்லோ டேப் ஒட்டி அதன்மேல் புள்ளி வையுங்கள். சென்டர் பஞ்சை வைத்து ஒரே தட்டு. அந்தக் குழி இல்லாவிட்டால் பிட் வழுக்கி டப்பா முழுக்கக் கோலம் போடும். டப்பாவின் உள்ளே ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுங்கள், மெல்லிய அலுமினியம் நசுங்காது. பொருளைக் கையால் பிடிக்காமல் கிளாம்ப்பில் இறுக்குங்கள். மெல்லிய தகட்டில் பிட் மறுபக்கம் வெளியே வரும் அந்தக் கணத்தில்தான் கவ்விச் சுழற்றும். முதலில் 3 மி.மீ., தேவையான இடத்தில் மட்டும் பிறகு 5 மி.மீ.

அலுமினியத்துக்கு இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டால் பிட்டில் சுருள் ஒட்டாது. முள்கரண்டி எவர்சில்வர். அதற்கு நேர்மாறான கை வேண்டும்: வேகத்தைக் குறைத்து, அழுத்தத்தைக் கூட்டி, எண்ணெய் விட்டுத் துளையிடுங்கள். வேகமாக ஓட்டி மேலோட்டமாகத் தேய்த்தால் அந்த இடம் இன்னும் கெட்டியாகிவிடும், பிட்டின் முனை நீலம் பாய்ந்து செத்துப்போகும். துளை விழுந்ததும் ஓரத்துப் பிசிறை அரத்தால் எடுங்கள்.

இனி கூட்டுவது, காலிலிருந்து மேலே. கீலை மடக்காமல் விரித்து வையுங்கள். உருளை துருத்துகிற பக்கம் மேலே இருக்கட்டும், பார்க்கக் கணுக்கால் மாதிரி இருக்கும். கீல் ஆடாமல் இருக்க உருளையில் கொஞ்சம் அரால்டைட் பசை பூசி ஒரு ராத்திரி விடுங்கள். ஆன்டெனாக் குழாயில் ஆறு ஆறு சென்டிமீட்டராக இரண்டு துண்டு. தலை தட்டையான 3 அங்குல போல்ட்டைக் கீலின் துளைக்குள் கீழிருந்து விட்டு, குழாய்க்குள் செலுத்தி, டப்பாவின் அடித்தகட்டில் நுழைத்து, உள்ளே வாஷர் போட்டு நட்டால் முடுக்குங்கள். கீலின் துளைக்கு எந்தத் தடிமன் போல்ட் பொருந்துகிறதோ அதையே வாங்குங்கள். வாஷரை மறந்தால் மெல்லிய தகடு கிழிந்துவிடும்.

சைக்கிள் செயினில் கண்ணிக்குக் கண்ணி அரை அங்குலம். பன்னிரண்டு கண்ணி என்றால் ஆறு அங்குலக் கை. கண்ணியின் பின்னை அரத்தால் தேய்த்துவிட்டு, பஞ்ச் வைத்துத் தட்டினால் கழன்றுவிடும். கழன்ற துளையில் 3 மி.மீ. போல்ட் போகும், ஒரு முனை டப்பாவின் தோளில், மறுமுனை கரண்டியில். கரண்டியின் காம்பை ரம்பத்தால் தேவைக்கு வெட்டிக்கொள்ளுங்கள். செயின் ஒரே தளத்தில்தான் மடங்கும் என்பதால் முன்னும் பின்னும் ஆடும்படி மாட்டினால் நிஜக் கை போலவே இருக்கும். ஒரு கை இடுப்பிலோ, வணக்கம் சொல்கிற மாதிரியோ நிற்க வேண்டும் என்றால் அப்படிப் பிடித்துக் கட்டிவைத்து, தோளிலும் முழங்கையிலும் ஒரு சொட்டு அரால்டைட். இரண்டு குழாய்ப் பசையும் சம அளவு, அதில் கஞ்சத்தனம் கூடாது. ஒட்டுகிற இடத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்காவிட்டால் எந்தப் பசையும் ஏமாற்றும்.

தலைக்கு டம்ளரைப் படுக்கை வசத்தில் வையுங்கள், வாய் முன்னால் பார்க்கட்டும். வயிற்றுப் பகுதியில் ஒரு துளை, டப்பாவின் மேல்தகட்டில் ஒரு துளை, நடுவில் பேரிங், மேலும் கீழும் வாஷர், ஊடாக ஒரு 5 மி.மீ. போல்ட். இறுக்கி முடுக்காதீர்கள். தலை திரும்ப வேண்டும். இரண்டாவது நட்டு ஒன்றைப் போட்டு முதல் நட்டோடு பூட்டுங்கள்.

நிற்கிறாரா

ஒரு அடி நீளப் பலகையில் ரோபோவை நிறுத்தி, பலகையின் ஒரு முனையை இரண்டு அங்குலம் தூக்குங்கள். ஏறக்குறைய பத்து டிகிரிச் சரிவு. நான்கு திசையிலும் திருப்பித் திருப்பிச் சோதியுங்கள். விழாமல் நின்றால் வீட்டில் பூனை, குழந்தை, விருந்தாளி எல்லோரையும் சமாளிப்பார். விழுந்தால் பாதத்தை நீட்டுவதைவிடக் கனத்தைக் கீழே இறக்குவது நல்லது: டப்பாவின் அடியில் பழைய நட்டு போல்ட்டுகளை எம்-சீலில் பதித்துவிடுங்கள். பழைய தராசின் எடைக்கல் கிடைத்தால் இன்னும் விசேஷம். ஆனால் அதைத் துளைக்க வேண்டாம், எடை சரிசெய்ய ஊற்றிய ஈயம் உள்ளே இருக்கும். ஒட்டி வைத்தால் போதும்.

முகமும் வெளிச்சமும்

டம்ளர் அடி நோக்கி ஒடுங்கிக்கொண்டே போகும். அச்சுத் தட்டை வாய் வழியாக உள்ளே தள்ளினால் ஏதோ ஓரிடத்தில் தானாகவே சிக்கி நிற்கும். விளிம்பிலிருந்து ஒரு விரற்கடை உள்ளே நின்றால் மேல் விளிம்பின் நிழல் புருவம் மாதிரி கண்ணில் விழும். இதை நான் திட்டமிட்டுக் கண்டுபிடிக்கவில்லை, சிறிய தட்டு ஒன்று தவறி உள்ளே போய்விட்டது.

பசை போடும் முன் தட்டைச் சும்மா சுழற்றிப் பாருங்கள். இரண்டு கண்ணும் நேர்க்கோட்டில் இருந்தால் அரசாங்க அதிகாரி. ஐந்து டிகிரி சாய்ந்தால் எதையோ கேட்கிறவர். தலையையும் கொஞ்சம் திருப்பி வைத்தால் பக்கத்து வீட்டுப் பேச்சு காதில் விழுந்தவர். புதிதாகச் செய்பவர்கள் முகபாவம் வரவில்லையே என்று புருவம், மூக்கு, காது, ஆன்டெனா என்று சேர்த்துக்கொண்டே போவார்கள். சேர்க்காதீர்கள், சாயுங்கள்.

கண்ணுக்கு இரண்டு சிவப்பு எல்.இ.டி. 9 வோல்ட் பேட்டரி, ஒரு சின்ன சுவிட்ச், 470 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. பேட்டரியின் நேர்முனையிலிருந்து சுவிட்ச், ரெசிஸ்டர், முதல் எல்.இ.டி.யின் நீளக் கால், அதன் குட்டைக் காலிலிருந்து இரண்டாவதன் நீளக் கால், அதன் குட்டைக் காலிலிருந்து எதிர்முனை. எல்லாம் ஒரே வரிசை. ஒரு சிவப்பு எல்.இ.டி. சுமார் 2 வோல்ட் எடுக்கும். மிச்சம் 5 வோல்ட்டை 470 ஓம் தாங்கினால் சுமார் 10 மில்லி ஆம்பியர் ஓடும், எல்.இ.டி.க்கு அது சுகமான அளவு. ரெசிஸ்டர் இல்லாமல் நேராகக் கொடுத்தால் ஒரு முறை பிரகாசமாகச் சிரித்துவிட்டுக் கண்ணை மூடிவிடும்.

ரோபோவின் உடம்பு முழுக்க மின்சாரம் கடத்துகிற உலோகம் என்பதை மறந்துவிடுவோம். சால்டரிங் அயர்னால் பற்றவைத்த ஒவ்வொரு இணைப்பிலும் சூட்டில் சுருங்குகிற ஸ்லீவ் போடுங்கள். டம்ளரின் பின்பக்கம் ஒரு துளை, டப்பாவின் மேல் ஒரு துளை. ஒயர் வெளியே பின்னல் போலத் தொங்கி உள்ளே இறங்கட்டும். துளையின் ஓரம் ஒயரை அறுக்காமல் அங்கேயும் ஸ்லீவ். சாதா ஈயத்தை வைத்து ஒயரைப் பற்றவைக்கலாம். அலுமினிய டப்பாவில் அது பிடிக்காது, முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள். ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிட உட்காரக் கூடாது. விளக்கு எரிகிறதா என்று பார்த்த பிறகே தட்டைப் பசை போட்டு மூடுங்கள். இந்த ஒரு வரியை நான் மூன்று முறை மீறியிருக்கிறேன்.

கடைசியாக, கடலோர ஊர்க்காரர்கள் இரும்புச் சாமான்மேல் நிறமில்லாத லாக்கர் ஸ்ப்ரேயை மெல்லிசாக இரண்டு முறை அடியுங்கள், மொட்டை மாடியில் வைத்து. உப்புக்காற்று செயினைத்தான் முதலில் தேடி வரும். அலுமினியத்துக்கு ஒன்றும் வேண்டாம்.

முதுகுக் கதவைச் சாத்தும் முன் ஒரு துண்டுச் சீட்டில் எந்தச் சாமான் எங்கிருந்து வந்தது என்று எழுதி உள்ளே போட்டுவிடுங்கள். என்னுடையதில் இருப்பது: 'டப்பா, அப்பா வேலைக்கு எடுத்துப்போனது. தட்டு, பாட்டியின் தேன்குழல் அச்சு, அவருக்குச் சொல்லவில்லை. செயின், கடையில் கால் கிலோ. இடது கரண்டி, கல்யாண வீட்டிலிருந்து எப்படியோ வந்தது.'